இரண்டாவது திர்ஹம்: தொழில் கற்றுக் கொடுக்கும் தர்மம்

அல்ஹம்துலில்லாஹ்! எல்லாப் புகழும் நம்மைப் படைத்து உணவளிக்கும் ஏக இறைவன் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

இன்று ஜுமுஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். அலமாரியின் கீழ்த்தட்டையும் மேஜை டிராயரையும் பரணையும் ஒருமுறை திறந்து பாருங்கள். டிஸ்ப்ளே உடைந்த போன் இருக்கும். சார்ஜ் ஏறாத டேப் இருக்கும். பையன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த லேப்டாப், பை கூட கிழியாமல் அப்படியே இருக்கும். அவற்றை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் ஒரு ஹதீஸைச் சொல்ல வேண்டும்.

அன்ஸாரித் தோழரும் இரண்டு திர்ஹமும்

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நூல்களில் இருக்கிறது. அன்ஸாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். உம் வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஒரு முரட்டு விரிப்பு இருக்கிறது, பாதியை உடுத்துகிறோம், பாதியை விரித்துக் கொள்கிறோம். தண்ணீர் குடிக்க ஒரு பாத்திரம் இருக்கிறது என்றார். இரண்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். அவற்றைத் தம் கையில் எடுத்து, இவற்றை வாங்குபவர் யார் என்று சபையில் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் தருபவர் உண்டா என்று இரண்டு மூன்று முறை கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹமுக்கு வாங்கிக் கொண்டார்.

அந்த இரண்டு திர்ஹமையும் அந்த மனிதரிடமே கொடுத்தார்கள். ஒன்றுக்கு உணவு வாங்கிக் குடும்பத்தாரிடம் கொடுக்கச் சொன்னார்கள். மற்றொன்றுக்கு ஒரு கோடரி வாங்கி வரச் சொன்னார்கள். அவர் வாங்கி வந்ததும் அதற்குக் காம்பை நபி (ஸல்) அவர்களே தம் கையால் பொருத்திக் கொடுத்தார்கள். போய் விறகு வெட்டி விற்கட்டும், பதினைந்து நாட்களுக்கு இங்கே பார்க்கக் கூடாது என்று அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார். அதில் துணியும் உணவும் வாங்கியிருந்தார். மறுமையில் யாசகத்தின் தழும்போடு வருவதை விட இதுவே உமக்குச் சிறந்தது என்று நபியவர்கள் அவரை வாழ்த்தினார்கள்.

சகோதரர்களே! இந்த ஹதீஸை உழைப்பின் சிறப்புக்காகப் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று அந்த இரண்டு திர்ஹமை மட்டும் கவனியுங்கள். முதல் திர்ஹம் இன்றைய பசிக்கு. இரண்டாவது திர்ஹம் நாளைய கைக்கு. நபியவர்கள் முதல் திர்ஹமை விடவில்லை. பசித்தவனிடம் தொழிலைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஆனால் முதல் திர்ஹமோடு நிறுத்தவும் இல்லை.

நம் பகுதியில் முதல் திர்ஹம், அல்ஹம்துலில்லாஹ், நன்றாகவே நடக்கிறது. ரமலானில் அரிசி, ஃபித்ரா, பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் நோட்டுப் புத்தகம், ஆஸ்பத்திரி செலவு என்று கேட்டு வந்தவரை ஜமாஅத் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஆனால் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பத்து வருடங்களுக்கு முன் அந்தத் தாய் அரிசி வாங்க வந்தபோது முந்தானையைப் பிடித்துக் கொண்டு வந்த பையன், இன்று மீசை முளைத்த வாலிபனாக, தாய்க்கு முடியவில்லை என்று அதே வரிசையில் தானே வந்து நிற்கிறான். அவன் கைக்குரிய இரண்டாவது திர்ஹம் எங்கே? அதுதான் இன்றைய கேள்வி.

செத்த ஆட்டின் தோல்

நபியவர்கள் அந்த மனிதரிடம் முதலில் கேட்டது வீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான். நாமும் அதையே நம் வீடுகளில் கேட்டுப் பார்ப்போம்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அந்த ஆரம்ப வருடங்களில் வாங்கியவை பல வீடுகளில் தூங்குகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் பார்த்தோம். தண்ணீர் வடிந்த பிறகு நனைந்த டிவியும் மிக்சியும் இன்வெர்ட்டரும் தெருவோரத்துக்கு வந்தன. நம் ஊரில் மட்டும் அல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் 2024ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் தூக்கியெறிந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். நூறு கிலோவில் சுமார் எழுபத்தெட்டு கிலோ எங்கே போனது என்பதற்கு முறையான கணக்கு இல்லை.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஒரு செய்தி. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் ஊழியப் பெண்ணுக்கு ஒரு ஆடு தர்மமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அது செத்துப் போனது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், இதன் தோலை நீங்கள் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். செத்த பிராணி ஆயிற்றே என்றார்கள். உண்பதுதான் ஹராம் என்று நபியவர்கள் விளக்கினார்கள்.

தர்மமாக வந்த பொருள். அதுவும் செத்துப் போனது. அதிலும் பயன் இருக்கிறது என்று நம் நபி பார்த்தார்கள். பதனிட்டால் அது தோல் பை, தண்ணீர்த் துருத்தி. பதனிடத் தெரிந்த கை மட்டும் வேண்டும். நம் டிராயரில் செத்துக் கிடக்கும் லேப்டாப்பும் அப்படித்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேம் கூட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, லினக்ஸ் போன்ற இலவச மென்பொருளை ஏற்றினால், பத்து வருட லேப்டாப்பில் ஒரு பிள்ளை தட்டச்சும் கணக்கும் படிக்கலாம். எதற்கும் ஆகாத பலகையிலும் பயன் உண்டு. சால்டரிங் பிடிக்கப் பழகுபவன் முதலில் கெட்டுப்போன பலகையில்தானே பழக வேண்டும்? நல்ல போனில் கை வைத்துப் பழக யார் விடுவார்கள்?

திறமை இல்லாதவருக்கு உதவுவது

எந்த அமல் சிறந்தது என்று அபூதர் (ரலி) அவர்கள் கேட்டுக் கொண்டே போகிறார்கள். ஈமான், ஜிஹாத், அடிமை விடுதலை என்று நபியவர்கள் சொல்லிக் கொண்டே வருகிறார்கள். அது முடியவில்லை என்றால் என்று கேட்டபோது, தொழில் செய்பவருக்கு உதவுவதையும், தொழில் தெரியாதவருக்காகச் செய்து கொடுப்பதையும் சொன்னார்கள். இது புகாரியில் உள்ளது. அமல்களின் வரிசையில் அடிமையை விடுவிப்பதற்கு அடுத்து இது வருகிறது என்பதை யோசியுங்கள்.

மண்ணூர்பேட்டையில் இருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. அரசு ஐடிஐ அருகில். உதிரிபாகம் வேண்டுமென்றால் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெரு. ஆனாலும் நம் வாலிபர்களில் எத்தனையோ பேர் பைக்கில் பார்சல் சுமந்து ஓடுகிறார்கள். அது ஹலாலான உழைப்பு. யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் ஐந்து வருடம் ஓடினாலும், முதல் நாள் தெரிந்ததைவிட அதிகமாகக் கைக்கு ஒன்றும் வருவதில்லை. முதுகு வலி மட்டும் கூடுகிறது. மல்டிமீட்டர் பிடித்தவன் அப்படி இல்லை. முதல் மாதம் சார்ஜிங் பின் மாற்றுவான். ஆறு மாதத்தில் பலகையில் எங்கே கரண்ட் நிற்கிறது என்று தேடுவான். இரண்டு வருடத்தில் இன்னொருவனுக்குக் கற்றுக் கொடுப்பான்.

இது புதிதாகக் கற்பனை செய்த திட்டமும் அல்ல. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் ஃப்ரீ கீக் என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டு தொடங்கியது. மக்கள் பழைய கணினிகளைத் தர்மமாகக் கொடுப்பார்கள். தன்னார்வலர்கள் அங்கே வந்து பிரிக்க, சோதிக்க, சேர்க்கக் கற்றுக் கொள்வார்கள். உழைத்த நேரத்துக்குப் பதிலாக ஒரு கணினியை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் முறையும் அங்கே இருந்தது. இன்னும் பக்கத்தில் பார்ப்போம். நம் தமிழ்ச் சகோதரர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் 2020 ஏப்ரலில் கொரோனாவால் பள்ளிகள் வீட்டுப் படிப்புக்கு மாறியபோது, இன்ஜினியரிங் குட் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் பழைய லேப்டாப்புகளை வாங்கிச் சரிசெய்து வசதியற்ற மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அதே காலத்தில் இங்கே ஒரே போனை வைத்துக் கொண்டு மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பாடம் கேட்ட வீடுகளை நீங்கள் அறிவீர்கள்.

கண்ணியைச் சரியாக அளவிடுங்கள்

கையால் உழைப்பதைச் சிலர் இன்னும் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். "பையன் மொபைல் கடையில் இருக்கான்" என்று சொல்லக் கூச்சப்படும் தகப்பன்மார்கள் உண்டு. தாவூத் (அலை) அவர்கள் அரசர். ஆனாலும் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்தார்கள். அவர்களுக்கு இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்ததாகவும், போர்க் கவசம் செய்யும்போது கண்ணிகளைச் சரியாக அளவிட்டுக் கோக்கும்படி கட்டளையிட்டதாகவும் அல்லாஹ் குர்ஆனில் சொல்கிறான் (34:10, 11). ஒரு நபிக்கு வந்த இறைக் கட்டளையில் தொழில் நுணுக்கமும் இருக்கிறது! ஒரு கண்ணி பெரிதானால் அம்பு உள்ளே போகும். அளவு தவறாமல் வேலை செய்வதும் இபாதத்தின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக் கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பழுது பார்ப்பது சுன்னத்தான வழக்கம். வக்ஃபு சட்டங்களைப் பற்றி நூல் எழுதிய பெரிய ஹனஃபி இமாம் ஒருவரின் பெயர் அபூபக்ர் அல்கஸ்ஸாஃப். ஹிஜ்ரி 261ல் மறைந்தவர். கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர் என்று பொருள். அதுதான் அவர் ஜீவனம். இன்றும் வக்ஃபு மஸ்அலாக்களில் அந்தச் செருப்புத் தைத்தவரின் வார்த்தையை ஆலிம்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

நம் பெண் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் உழைத்து, அந்த வருமானத்தைத் தர்மம் செய்தவர்கள். மனைவியரில் நீளமான கை உடையவரே தமக்குப் பின் முதலில் வந்து சேர்வார் என்று நபியவர்கள் முன்னறிவித்தார்கள். அந்த நீளமான கை என்பது உழைத்துக் கொடுத்த இந்தக் கைதான் என்று பிறகு புரிந்தது. பொடிப்பொடியான பாகங்களைப் பொறுமையாகப் பொருத்தும் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். தனி நேரம், தனி இடம், பெண் பயிற்சியாளர் என்று ஒழுங்கு செய்தால் போதும்.

மூன்று அமானிதங்கள்

இந்தத் தொழிலில் பரக்கத் இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது. வாலிபர்களே, மூன்று விஷயங்களைக் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, போனுக்குள் இருப்பது. பழுது பார்க்க வரும் போனில் ஒரு குடும்பத்தின் படங்கள், பேச்சுகள், வங்கி விவரங்கள் எல்லாம் இருக்கும். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்பது குர்ஆனின் கட்டளை (49:12). பிறர் வீட்டுக்குள் அனுமதியின்றி எட்டிப் பார்ப்பதே கூடாது என்றால், பிறர் கேலரிக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி ஆகும்? கொடுப்பவர்களும் கவனியுங்கள்: டெலிட் செய்தால் அழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, ஃபேக்டரி ரீசெட் செய்து கொடுங்கள். லேப்டாப் என்றால் ஹார்ட் டிஸ்க்கை முழுமையாக அழித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது கழற்றி நீங்களே வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, விற்பனையில் உண்மை. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இது முஸ்லிமில் உள்ளது. டூப்ளிகேட் டிஸ்ப்ளேயை ஒரிஜினல் என்று சொல்வது, தண்ணீர் போன போனைத் துடைத்து விற்பது, நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுவது, எல்லாம் அந்த ஈரத் தானியம்தான். திருட்டுப் போனை அறிந்து வாங்குவது பாவத்திலும் குற்றத்திலும் பங்கு. *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். பில் இல்லாத, கேட்டால் பதில் இல்லாத போன் நம் மேஜைக்கு வரவே கூடாது.

மூன்றாவது, எரிக்காதீர்கள். தாமிரத்துக்காக வயரை எரிக்கும் புகையை எங்காவது நீங்கள் முகர்ந்திருப்பீர்கள். பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வெளியாகும். பழைய சால்டரில் ஈயம் இருக்கிறது. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் என்ற ஊர். பித்தளை நகரம் என்று உலகம் அறிந்த ஊர். அங்கே தலைமுறைகளாகப் பித்தளை வேலை செய்த கைவினைஞர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்த ஊரில் பலர் வயிற்றுப் பிழைப்புக்காக மின்னணுப் பலகைகளை எரித்து உலோகம் எடுக்கும் வேலைக்கு வந்தார்கள். அந்தச் சாம்பல் ராம்கங்கா ஆற்றங்கரையில் குவிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போனது. எத்தனை அழகிய கைகள் அவை! பாதுகாப்பான வழி அமையாததால் நஞ்சைச் சுவாசித்தன. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக் கொள்ளாதீர்கள் என்ற இறைக் கட்டளையை (2:195) இங்கே நினைவில் வையுங்கள்.

நம் சென்னையில் பழைய இரும்புக் கடையைக் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்திய கடைகளால் வந்த பெயர் என்று சொல்வார்கள். வீண் என்று பிறர் ஒதுக்கியதில் பொருள் கண்டது நம் முன்னோர்களுக்குப் பழக்கமான தொழில். அதைச் சட்டப்படி செய்வோம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. சரிசெய்ய முடியாததை அப்படிப் பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது; தீப்பிடிக்கும். பழைய டியூப் டிவியையும் பவர் சப்ளையையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று நம்பித் தொடாதீர்கள். உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கொடுப்பவர்களுக்கு

கண்ணை மூடிக் கொண்டால் தவிர நீங்களே வாங்காத மட்டமான பொருளைத் தர்மத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (2:267). குப்பையைத் தள்ளிவிட ஒரு இடம் கிடைத்தது என்ற நிய்யத்தில் கொடுக்காதீர்கள். சார்ஜர் இருந்தால் சார்ஜரோடு கொடுங்கள். என்ன கோளாறு என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். புதுப் போன் வாங்கும்போது பழையதை டிராயரில் போடாமல், ஓடும் நிலையிலேயே கொடுங்கள். நன்மையும் அதிகம், அதைச் சரிசெய்பவனுக்கும் எளிது.

ஜகாத் பணத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலின் கருவிகளை வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம், அதன் விலை குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் சரி என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அல்மஜ்மூஃ நூலில் விளக்குகிறார்கள். ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் அந்த ஏழையின் உடைமையாக ஆக வேண்டும். ஆகவே அறைக்கு வாடகை, மேஜை, மின்கட்டணம் போன்றவற்றுக்கு ஸதகா பணம். பயிற்சி முடித்த ஏழை வாலிபனின் கையில், அவனுக்கே சொந்தமாக, சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் ஸ்க்ரூ டிரைவர் செட்டும் வாங்கிக் கொடுக்க ஜகாத் பணம். இப்படிப் பிரித்தால் எந்தச் சிக்கலும் இல்லை.

பணம் இல்லாதவர்களும் கொடுக்கலாம். பத்ரில் கைதிகளாகப் பிடிபட்டவர்களில் ஈட்டுத்தொகை கொடுக்க வசதியில்லாத, எழுதத் தெரிந்தவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதையே ஈட்டுத்தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். எதிரியாக வந்தவரின் அறிவுகூட நம் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டும் என்று பார்த்தார்கள்! இந்த ஸஃப்புகளில் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறீர்கள். கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். பயன் தரும் கல்வி மவுத்துக்குப் பிறகும் நன்மை சேர்க்கும் மூன்றில் ஒன்று.

நிர்வாகத்தாரிடமும் இதையே கோருகிறேன். மதரஸா அறை ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பின் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு நீள மேஜை, ஜன்னல் பக்கம் காற்றோட்டம், ஒரு தீயணைப்பான், வரும் பொருளுக்கும் போகும் பொருளுக்கும் ஒரு பதிவேடு. இவ்வளவு போதும் தொடங்க. பள்ளிவாசலுக்குள் வாங்கல் விற்றல் கூடாது என்பதால் அங்கே படிப்பு மட்டும் நடக்கட்டும், விற்பனை வேண்டாம். முதலில் சரியாகும் லேப்டாப்புகள் நம் பகுதியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் போகட்டும். எந்த மதத்துப் பிள்ளை என்று பார்க்காமல் அண்டை வீட்டுக்கும் போகட்டும்.

ஒரே ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் கோடரியைக் கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. காம்பைத் தாமே பொருத்தினார்கள், பதினைந்து நாள் தவணை வைத்தார்கள், திரும்பி வந்தபோது என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். பொருளைக் கொடுத்துவிட்டு மறந்து போனால் அந்தப் பையன் மூன்றாவது வாரம் வராமல் நின்றுவிடுவான். ஏன் வரவில்லை என்று அவன் வீட்டுக் கதவைத் தட்ட ஒருவர் வேண்டும். கதவைத் தட்டும் அந்த நடையும் தர்மத்தில் சேர்ந்ததுதான்.

யா அல்லாஹ்! எங்கள் வாலிபர்களின் கைகளில் ஹலாலான தொழிலையும் அதில் பரக்கத்தையும் தருவாயாக! கேட்டு நிற்கும் கைகளைக் கொடுக்கும் கைகளாக மாற்றுவாயாக! நீ தந்த பொருட்களை வீணாக்குபவர்களாக எங்களை ஆக்கிவிடாதே! பிறர் அந்தரங்கத்தைக் காக்கும் அமானிதத்தையும், பொய் கலக்காத வியாபாரத்தையும் எங்களுக்குத் தருவாயாக! கற்றுக் கொடுப்பவர்களுக்கும் கற்றுக் கொள்பவர்களுக்கும் ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தருவாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.